பொட்டல்காலனியின் ஆட்டு ரத்தம்

பொட்டல்காலனி மனிதர்களின் உடம்பில் ஓடுவது ஆட்டு ரத்தம் என்று மதுரை ஆய்வகம் திங்கட்கிழமை மாலை போனில் சொன்னது.

"ஒரு குப்பி ரெண்டு குப்பி இல்லைங்க, அம்புட்டும்," என்றார் ஆய்வகத்துக்காரர். "நம்பர் ஒட்டி, பேர் ஒட்டி, ஐஸ் பெட்டியில அழகா அடுக்கி வந்திருக்கு. எடுத்துச் சாய்ச்சா தண்ணி மாதிரித் தளும்புது. மைக்ராஸ்கோப்புல வச்சா சிவப்பணு மனுச சைஸ்ல பாதிதான் இருக்கு. வெள்ளாடோ செம்மறியோ தெரியலை. மனுசன் இல்லை."

இன்ஸ்பெக்டர் லட்சுமிகாந்தம் போனை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்தால் சிவகாசி ஸ்டேஷன் முழுவதும் சிரிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஏட்டுகள் சிரித்தார்கள். புகார் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர்கூட எதற்கென்று தெரியாமல் சிரித்து வைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் செல்வலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. தன் மேலதிகாரியின் நகைச்சுவை உணர்ச்சியைப் பற்றி அவளுக்கு நெடுநாளாகவே ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

அதற்குள் குற்றவாளியும் கிடைத்துவிட்டான். லட்சுமிகாந்தத்தின் வழக்குகளில் குற்றவாளி எப்போதும் குற்றத்துக்கு முன்பே தயாராக இருப்பான். இந்த முறை அவன் பெயர் முனியராஜ். பொட்டல்காலனியில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஊரே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தது. மாலையில் ஐஸ் பெட்டியைச் சமுதாயக்கூடத்துக்குள் வைத்துப் பூட்டினார்கள். வாசலில் காவலுக்குப் படுத்தவன் முனியராஜ்.

"ஆட்டு ரத்தம். ஆட்டுக்கடைக்காரன். காவலுக்கும் அவனே," என்றார் லட்சுமிகாந்தம். "இதுக்கு மூளை வேணுமாம்மா?"

"வேண்டாம் சார்," என்றாள் செல்வலட்சுமி. "இதுவரைக்கும் யாரும் பயன்படுத்தலையே."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

*

இந்தக் கூத்துக்கு மூலகாரணம் டாக்டர் சரவணக்குமார். சென்னைக்காரர். டெங்குக் காய்ச்சலை ஆராய்கிறவர்.

டெங்கு ஒருவரைத் தொட்டுவிட்டுப் போனால் அதன் சுவடு ரத்தத்தில் ஆயுசுக்கும் தங்கிவிடும். காய்ச்சல் என்று படுக்காதவன் ரத்தத்திலும் தங்கும். அதைச் சோதித்தால் ஓர் ஊரில் எத்தனை பேரை அந்த நோய் தொட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். டாக்டர் இரண்டு வருடங்களுக்கு முன்பே, சோதிக்காமலேயே, ஒன்றைச் சொல்லிவிட்டார். நாரணாபுரத்துக்கு மேற்கே கிடக்கும் பொட்டல்காலனியைச் சுற்றி நாலு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள். வெளியாள் உள்ளே குடிவருவதில்லை, உள்ளாள் வெளியே குடிபோவதில்லை. ஆகவே அது ஒரு தீவு, டெங்கு கால் வைக்காத தீவு என்று கட்டுரை எழுதினார். விருதுநகர் மாவட்டத்தில் குடிக்கவே தண்ணீர் கிடையாது, இவர் சுற்றிலும் கடல் வைத்துவிட்டார். அந்தத் தீவிலிருந்து தினமும் காலையில் கம்பெனி வேன்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போய் இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து கொட்டுவது அவர் கண்ணில் படவில்லை. பட்டாலும் கட்டுரையில் அதற்கு இடம் இருந்திருக்காது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்தக் கட்டுரையைப் படித்தது. நோய் தொடாத ஜனங்களிடம்தான் புதுத் தடுப்பூசியைப் பரீட்சை செய்ய முடியும் என்பதால், உங்கள் தீவு எங்களுக்கு வேண்டும் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. ரத்தத்தை நீங்கள் எடுங்கள், சோதிப்பதை மட்டும் வேறு ஆள் செய்யட்டும். அப்படித்தான் மதுரை ஆய்வகம் உள்ளே வந்தது.

ஊர் எதற்குக் கையை நீட்டியது என்பது வேறு கதை.

*

செவ்வாய்க்கிழமை காலை. முனியராஜ் லாக்கப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. ஏட்டையாக்களின் விசாரணை இரவே ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும்.

"கடைசியா எப்ப ஆடு வெட்டுன?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

"போன செவ்வாய்க்கு முந்திம்மா. புரட்டாசிப் பொங்கல் சாட்டிட்டாகள்ல. காப்புக் கட்டுனதுலருந்து கடை அடைப்பு."

கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டும் வேப்பிலையும்.

"வெளியூர்ல வாங்கியிருக்கலாம்ல?"

"நான் தீச்சட்டி எடுக்கேன்மா. ரத்தத்துல கைய வச்சுட்டு அந்தக் கையிலயே ஆத்தா சட்டியத் தூக்கவா? வெந்து போக மாட்டேன்?"

"ராத்திரி யாரும் வந்தாகளா?"

"ஒரு நாய்கூட வரலை."

"நீ தூங்கிட்டியோ என்னமோ."

"கொசு விட்டாத்தானே."

"காலைல யார் தொறந்தது?"

"டாக்டருதான். சாவி அவருட்ட இருந்துச்சு. பெட்டியத் தொறந்து, குப்பிய ஒண்ணு ஒண்ணாத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தாரு. எல்லாம் சரியா இருக்குன்னாரு. எனக்குக் கை குடுத்தாரு. ஐஸ் கரைஞ்சுபோச்சு, விருதுநகர் போய்ப் புது ஐஸ் போட்டுக்கிட்டு மதுரைக்குப் போறேன்னு கார்ல ஏத்திக்கிட்டாரு."

செல்வலட்சுமி ஏட்டைக் கூப்பிட்டு, இவன் மேல் இன்னொரு கை விழுந்தால் அந்தக் கையின் சொந்தக்காரர் பெயரைத் தானே எழுதி மேலே அனுப்புவதாகச் சொன்னாள். ஏட்டு சல்யூட் அடித்தார். அவருக்கு அவளைப் பிடிக்காது, ஆனால் பயம் இருந்தது. அது போதும்.

*

அன்றே மதியத்துக்குள் செய்தி சிவகாசி முழுக்கப் பரவிவிட்டது. பொட்டல்காலனி ஆட்கள் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் விசிலுக்குப் பதில் "மே" என்றானாம். கம்பெனி வேனில் வேற்றூர்ப் பெண்கள் அகத்திக்கீரைக் கட்டைக் கொண்டுவந்து நீட்டினார்களாம். வாரம் முழுக்க வெடிமருந்துக்குள் வேலை செய்து வயிறு கழுவுகிற ஜனங்களே இன்னொருவரைக் கிண்டல் செய்ய எங்கிருந்துதான் நேரம் கண்டுபிடிக்கிறார்களோ.

வள்ளித்தாய் அன்று வேலைக்குப் போகவில்லை. முனியராஜின் அக்கா. வீட்டு வாசலில் நின்றபடியே செல்வலட்சுமியிடம் பேசினாள். உள்ளே உட்காரச் சொல்லும் மனநிலையில் இல்லை.

"எந்தம்பிய எப்ப விடுவீக?"

"உண்மை தெரிஞ்சதும் அக்கா."

"அது தெரிஞ்சுதான என்ன? எம்மக செத்தப்பவும் உண்மை தெரிஞ்சுதான் இருந்துச்சு."

அவள் மகள் இசைவாணி போன ஐப்பசியில் இறந்தவள். இருவருக்கும் பொன்னுத்தங்கம் பயர் ஒர்க்ஸில் ஒரே ரூமில் திரி வெட்டும் வேலை. காய்ச்சல் வந்தது, உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டுகள் வந்தன, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வருவதற்குள் பெண் போய்விட்டாள். அதன்பிறகு கேட்டும் ரிப்போர்ட்டைத் தரவில்லை. கம்பெனியில் கேட்டதற்கு மஞ்சள்காமாலை என்றார்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: இந்தப் பக்கம் டெங்குவே கிடையாதும்மா, பெரிய டாக்டரே எழுதியிருக்கார்.

"அதான் நானே வீடு வீடாப் போய் எல்லாரையும் கூட்டியாந்தேன்," என்றாள் வள்ளித்தாய். "ரத்தத்தைப் பாத்தா தெரிஞ்சிரும்னாக. தெரியட்டும்னு மொத ஆளா நான் கைய நீட்டுனேன். இப்ப ஊரே என்னையக் காறித் துப்புது. ஒன்னாலதாண்டி எங்கள ஆடுங்கறான்னு."

"அன்னைக்கு வேற ஏதும் நடந்துச்சா?"

"என்னத்த நடந்துச்சு. மொதல்ல நின்னவுகளுக்கு மட்டும் வெரல்லயும் குத்துனாரு. ஒரு சின்ன அட்டை, பிள்ளை உண்டாயிருக்கான்னு பாப்பாகல்ல, அது மாதிரி. எனக்கு ரெண்டு கோடு வந்துச்சு. எனக்குப் பின்னாடி நின்னதும் எங்க கம்பெனிப் பொம்பளைகதான், அவுகளுக்கும் ரெண்டு கோடு. டாக்டர் மூஞ்சி சுண்டிப்போச்சு. அட்டையெல்லாம் பைக்குள்ள போட்டுட்டு, இது தேவையில்லன்னுட்டாரு."

அப்போதுதான் வெள்ளைக் கார் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பொன்னுத்தங்கம் பயர் ஒர்க்ஸ் இராமகிருஷ்ணன் இறங்கினார். தாயார் பெயரில் கம்பெனி, தன் பெயரில் கல்யாண மண்டபம். அவர் கையிலும் காப்பு இருந்தது. பொங்கல் கமிட்டித் தலைவர் அவர்தான்.

"எஸ்.ஐ. அம்மா, கேஸெல்லாம் எதுக்கு? அறியாத ஜனங்க. ஏதோ பயத்துல செஞ்சுட்டாக. விட்ருங்க." குரலில் தேன் சொட்டியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ரத்தம் ஊரைவிட்டு ஒழிந்ததில் அவருக்குத் தாங்க முடியாத நிம்மதி.

"உங்க கம்பெனியில ரூமுக்கு ரூம் வாசல்ல தண்ணித் தொட்டி வச்சிருக்கீகளே, எதுக்கு?"

"தீப்பிடிச்சா அணைக்க. சட்டம்மா அது."

"தண்ணிய எப்ப மாத்துவீக?"

"தீப்பிடிச்சாத்தானே செலவாகும்," என்றார் இராமகிருஷ்ணன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்.

டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் பிறந்து பகலில் கடிக்கிற ஜாதி. பகலில் இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று செல்வலட்சுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய அம்மாவும் வேனில் போய்வந்தவள்தான். இராமகிருஷ்ணனுக்கு இதில் காரணம் இருந்தது. குப்பியில் உள்ளது வெளியே வந்தால் தீபாவளி சீசனில் கம்பெனிக் கதவுக்குச் சீல் விழும். ஆனால் கையில் காப்போடு ஆட்டு ரத்தத்துக்கு ஏற்பாடு செய்கிற தைரியம் அவருக்கு இல்லை. தொழிலாளிக்குப் பயப்படமாட்டார், சட்டத்துக்குப் பயப்படமாட்டார், மாரியம்மனுக்கு மட்டும் தொடை நடுங்குவார்.

*

செவ்வாய் மாலை, விருதுநகர். டாக்டர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறைதான் அவருடைய ஆய்வகம். பள்ளிப் பிள்ளைகளின் தொண்டைச் சளியையும் அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். உதவியாளர் அனுப்பிரியா மேஜை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் கிருமி வளர்க்கும் வட்டத் தட்டுகள். பழையவை கருஞ்சிவப்பாக இருந்தன. புதியவை வெறும் ஜெல்லி, நிறமே இல்லை.

"வேலை ஏதும் இல்லையா?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

"சிவப்புத் தட்டு இல்லாம எதை மேடம் வளர்க்கிறது? வெள்ளிக்கிழமைதான் சரக்கு வந்துச்சு. நேத்து காலைல சார் என்னை ஐஸ் வாங்கிட்டு வரச்சொல்லி அனுப்பினார். வந்து பார்த்தா பாட்டில் எல்லாம் காலி. கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன்னார்."

குப்பைக்கூடையில் பாட்டில்கள் கிடந்தன. அடியில் துருப்பிடித்தது போல ஒரு படிவு. செல்வலட்சுமி குனிந்து ஒன்றை எடுத்து, லேபிளைப் படித்துவிட்டு, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை.

"எனக்கு இது ஆச்சரியமே இல்லை மேடம்," என்றார். "ரத்தம் எடுத்தா சத்து போயிடும்னு நம்புற மக்கள். படிப்பறிவு கிடையாது. எதையாவது கலந்து ஏமாத்திடுவாங்கன்னு எனக்கு முதல்லயே ஒரு பயம் இருந்தது."

"ஊசி குத்தி எடுத்தது நீங்கதானே?"

"நானும் என் ஆட்களும்."

"அப்ப அவங்க கைய நீட்டினாங்க. ஏமாத்த நினைக்கிறவங்க வரிசையில நிப்பானேன்?"

"அவங்க மனசு நமக்குப் புரியாது."

"திங்கட்கிழமை காலைல பெட்டியத் தொறந்து பார்த்தீங்களாமே?"

"கண்டிப்பா. ஒவ்வொரு குப்பியையும் பார்த்தேன். நம்பர், மூடி எல்லாம் சரியா இருந்தது. உள்ளே இருக்கிறது ஆட்டு ரத்தம்னு வெறும் கண்ணால எப்படித் தெரியும்? ராத்திரியே மாத்தியிருக்காங்க."

"இனி என்ன செய்யப்போறீங்க?"

"வெளிநாட்டுக் கம்பெனிக்கு நேத்தே எழுதிட்டேன். மக்கள் ஒத்துழைக்கலை, அதனால அடுத்த தடவை ரத்தத்தை என் லேப்லயே வச்சுச் சோதிக்கணும்னு. மதுரை வரைக்கும் அனுப்பினாத்தானே இந்த வம்பெல்லாம்?"

செல்வலட்சுமி நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். படி இறங்கும்போது சிரித்தாள். இந்த வழக்கில் அவளுக்கு வந்த முதல் சிரிப்பு அது.

*

புதன்கிழமை காலை ஸ்டேஷனில் எல்லோரும் இருந்தார்கள். டாக்டரை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட என்று வரவழைத்திருந்தாள். இராமகிருஷ்ணன் வேடிக்கை பார்க்கத் தானாகவே வந்திருந்தார். தம்பிக்குச் சோறு கொண்டுவந்த வள்ளித்தாய் தூக்குவாளியோடு ஓரமாக நின்றாள். லட்சுமிகாந்தம் நாற்காலியில் சாய்ந்து, தன் ஸ்டேஷனில் நாடகம் நடப்பதைச் சகித்துக்கொண்டிருந்தார்.

ஏட்டு ஒரு மூடிபோட்ட பாத்திரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் மெல்லிய கண்ணாடிக் குப்பி ஒன்று.

"சார், இது மார்க்கெட்ல இப்ப வெட்டின ஆட்டு ரத்தம்," என்றாள் செல்வலட்சுமி டாக்டரிடம். "கடை நம்ம தெருமுனைதான். ஏட்டு நடந்தே வந்தார். இந்தக் குப்பியில ஊத்திக் காட்டுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"ஊத்துங்க."

டாக்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ரத்தம் கட்டித் தயிராக அசையாமல் கிடந்தது. ஏட்டு ஒரு ஸ்பூனை நீட்டினார். டாக்டர் வாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ரத்தம் வாங்கி வதக்குற வீட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க," என்றாள். "ஆட்டைவிட்டு இறங்கின ரத்தம் அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள உறைஞ்சிரும். கத்தியால துண்டு போட்டுத்தான் எடுக்கணும். மதுரைக்குப் போனதோ தண்ணி மாதிரித் தளும்புச்சாம். அப்ப அது கறிக்கடையிலேருந்து வரலை."

"கலக்கிக்கிட்டே இருந்தா உறையாது," என்றார் டாக்டர் வேகமாக. "ரத்தத்தை உறைய வைக்கிறது அதுல இருக்கிற நார். அதை எடுத்துட்டா தண்ணியாவே நிக்கும்."

"ரொம்பச் சரி. நானும் நேத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். அப்படிக் கலக்கி, அந்த நாரை எடுத்து, பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க." பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தாள். "செம்மறி ரத்தம். தொண்டைக் கிருமி வளர்க்கிற சிவப்புத் தட்டுக்கு இதைத்தான் ஊத்துவாங்களாமே. அனுப்பிரியா சொல்லிருச்சு. வெள்ளிக்கிழமை வந்த சரக்கு திங்கட்கிழமை காலைல காலி."

"அது கெட்டுப்போச்சு. கெட்டுப்போனதைக் கொட்டுறது தப்பா? பெட்டியை மாத்தினது ராத்திரி. அந்த ஆள் காவல்ல."

"இல்லை சார். ராத்திரி மாத்தலைன்னு சாட்சி சொன்னது நீங்கதான்."

லட்சுமிகாந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மனுச ரத்தமும் உறையும். ஞாயித்துக்கிழமை எடுத்த ரத்தம் திங்கட்கிழமை காலைல அடியில கட்டியா, மேல மஞ்சத் தண்ணியா நிக்கணும். நீங்க ஒவ்வொரு குப்பியாத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தீங்க. ராத்திரியே மாத்தியிருந்தா குப்பி முழுக்க ஒரே சிவப்பாத் தளும்பியிருக்கும். ஆடா மனுசனான்னு வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். உறைஞ்சதா இல்லையான்னு கூடவா தெரியாது? வாழ்நாள் பூரா ரத்தம் பார்த்த டாக்டர் அதைப் பார்த்துட்டு 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு சொல்லிக் கை குடுத்தீங்க. அப்ப உள்ள இருந்தது ஊர் ரத்தம்தான். அதுக்கப்புறம் அந்தப் பெட்டி உங்க கையைவிட்டு மதுரையிலதான் இறங்குச்சு. நடுவுல விருதுநகர்ல நின்னீங்க. ஐஸ் வாங்க அனுப்பிரியாவை அனுப்பினீங்க."

டாக்டர் கைக்குட்டையை எடுத்தார்.

"ரெண்டு கோடு," என்றாள் செல்வலட்சுமி. "ரெண்டு கோடுன்னா டெங்கு வந்துபோன ரத்தம். உங்க தீவுல மொத வரிசை முழுக்க ரெண்டு கோடு. மதுரையில சோதிச்சா உங்க கட்டுரை கிழிஞ்சிரும், வெளிநாட்டுக்காரன் ஓடிருவான். ஆட்டு ரத்தத்தை மதுரைக்காரங்க கண்டுபிடிக்கலைன்னா ஒருத்தருக்கும் டெங்கு இல்லை, தீவு தப்பிச்சது. கண்டுபிடிச்சா, படிப்பறிவில்லாத ஜனங்க ஆட்டு ரத்தம் ஊத்திட்டாங்க, அடுத்த தடவை உங்க லேப். எப்படிப் போட்டாலும் உங்களுக்கே தாயம். ஒண்ணைத்தான் மறந்தீங்க. இவங்க காப்புக் கட்டியிருந்தாங்க. முனியராஜ் கையைப் பிடிச்சுக் குலுக்கினப்ப அந்தக் கயிறு உங்க உள்ளங்கையில உரசியிருக்கும். என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆட்டைத் தேடியிருக்கவே மாட்டீங்க."

டாக்டர் சரவணக்குமார் அப்போதும் தன் மரியாதையை விடவில்லை. "இந்த ஊருக்கு ஒரு உலகப் பேர் வாங்கித் தரலாம்னு நினைச்சேன்," என்றார்.

"அசல் ரத்தம் எங்க?"

டாக்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்."

இராமகிருஷ்ணன் மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டார். அது துக்கப் பெருமூச்சு இல்லை. குற்றவாளி யாராக இருந்தால் அவருக்கென்ன, குப்பி காலி. "பாவம்," என்றார். "இனி யார் கைய நீட்டுவா? பட்ட அவமானம் போதாதா நம்ம ஜனத்துக்கு?" டாக்டரின் முகத்திலும் அதே நினைப்புதான் ஓடியது. சிறை போனாலும் தீவு மூழ்கவில்லை.

வள்ளித்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"ஏன் சார்," என்று டாக்டரைக் கேட்டாள், "டெங்கு வந்துபோனா ரத்தத்துல ஆயுசுக்கும் இருக்கும்னு நீங்கதான சொன்னீக?"

அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்ப நீங்க கொட்டுனது குப்பியில இருந்ததத்தான. எங்க ஒடம்புல இருக்கத எந்தத் தொட்டியில கொட்டுவீக?"

லட்சுமிகாந்தம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் செல்வலட்சுமியைப் பார்த்தார். ஸ்டேஷனில் அது முதல் முறை.

*

பொங்கல் முடிந்து முனியராஜ் தீச்சட்டி இறக்கிய மறுநாள், மதுரையிலிருந்து ஆட்கள் தாங்களே ஊசியோடு வந்தார்கள். ஊரில் பாதிப் பேர் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். வள்ளித்தாய் அத்தனை கதவையும் தட்டினாள். "நம்மள ஆடுன்னவன் வாய அடைக்கணும்னா கைய நீட்டுங்கடி," என்றாள். கெஞ்சினாள், வைதாள், ஒருத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மதியத்துக்குள் வரிசை சமுதாயக்கூடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

முதல் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். ஊசி எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் கெட்டிப்பட்டு, சாய்த்தாலும் அசையாமல் நின்றதும்தான், "ம், உறைஞ்சிருச்சு," என்று எழுந்தாள்.

முடிவு ஐப்பசியில் வந்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் சுவடு இருந்தது. ஊரைவிட்டு நகராத கிழவர்களுக்கும் கைப்பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இல்லை. நோய் பிடித்த இடம் ஊர் இல்லை, வேலைக்குப் போகிற இடம் என்று ஒரு குழந்தைக்கும் புரியும்; இராமகிருஷ்ணனுக்குப் புரிய கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் தேவைப்பட்டது. சீசன் உச்சத்தில் தொட்டி தொட்டியாகத் தண்ணீரைக் கவிழ்த்துக் கழுவினார்கள். அவர் பக்கத்தில் நின்று நஷ்டக் கணக்குச் சொல்லிப் புலம்பினார். யாரும் காதில் வாங்கவில்லை.

செல்வலட்சுமி வேன் நிற்கும் இடத்துக்கே போய் வள்ளித்தாயின் தாளைக் கொடுத்தாள். அவளுக்கு வாசிக்க வராது.

"என்ன போட்டிருக்கு?"

"இருக்குன்னு போட்டிருக்கு அக்கா. உங்களுக்கு டெங்கு வந்துபோயிருக்கு."

"எனக்கும் எம்மகளுக்கும் ஒரே ரூமு. ஒரே தொட்டி." வள்ளித்தாய் அந்தத் தாளை நாலாக மடித்தாள். வேன்காரன் ஹாரன் அடித்தான், அவள் திரும்பவில்லை. "ஆசுபத்திரியில தரமாட்டேன்னாகல்ல. ஒரு வருசம் கழிச்சு எம்மக ரிப்போர்ட்டு வந்திருக்கு," என்றாள்.